கோத்தகிரிச் சரிவில் சிறு லோடர்: ஒரு வாடகைச் சேவையின் நிறையும் குறையும்

கோத்தகிரி வட்டாரத்தில் சிறிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் முற்றத்தையும் விறகுக் கிடங்கையும் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். விறகை அடுக்குமிடத்திலிருந்து தேயிலை உலர்த்தும் அடுப்புக்குக் கொண்டுசெல்வது, சாம்பலை அப்புறப்படுத்துவது, லாரியில் வந்து இறங்கும் எருவைத் தோட்டத்துப் பாதை வரை நகர்த்துவது, ஐப்பசி மழையில் மேலிருந்து வழிந்து வரும் செம்மண்ணை வாரி எடுப்பது ஆகிய வேலைகளுக்கு ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகிறது. பொக்லைனை வரவழைத்தால் அது முற்றத்துக்குள் திரும்பவே இடம் போதாது. ஆகவே பக்கத்து ஊரிலிருந்து இயங்கும் ஒரு வாடகை நிலையத்தின் சிறு லோடரைச் சில பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். எந்த நிறுவனம் தயாரித்ததாக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் இந்த வண்டியைப் ‘பாப்கேட்’ என்றே சொல்வார்கள். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வண்டி, ஆபரேட்டர், ஹெல்பர் ஆகிய மூன்றும் சேர்ந்தே வாடகைக்கு வருகின்றன. டீசல் அவர்களுடையது, பேட்டாவும் சாப்பாடும் நம்முடையவை. வண்டி டிப்பரில் வந்து இறங்கும். கணக்கு, என்ஜின் ஓடும் நேரத்தைக் காட்டும் மீட்டரின்படி மணிக்கு இவ்வளவு என்பதுதான் என்றாலும், குறைந்தபட்ச மணிநேரத்துக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். டீசல் விலையோடு வாடகையும் ஏறி இறங்குவதால் இங்கே தொகையை எழுதிப் பயனில்லை. பொக்லைனுக்குக் கேட்பதைவிடக் குறைவு, கூலியாட்களுக்கு ஆகும் மொத்தச் செலவைவிடவும் பெரும்பாலும் குறைவு என்று மட்டும் சொல்லலாம்.

இந்த இயந்திரத்தின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் மலையில் அதை எப்படி நடத்த வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோத்சே என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள், வான்கோழி வளர்க்கும் ஒருவருக்காக 1957ஆம் ஆண்டில் இதன் முதல் வடிவத்தைச் செய்து கொடுத்தனர். கொட்டகையின் தூண்களுக்கிடையே நுழைந்து, நின்ற இடத்திலேயே திரும்பி, எருவை வாரி வெளியே கொண்டுவருவதே அதற்கு இடப்பட்ட பணி. அப்போது அதற்கு மூன்று சக்கரங்கள்தான். நான்கு சக்கர வடிவம் 1960இல் வந்தது. சமதளமான கொட்டகைத் தரைக்காகப் பிறந்த வண்டியை நாம் சரிவும் சேறும் கல்கட்டும் நிறைந்த நீலகிரிக்குக் கொண்டுவந்து ஓட்டுகிறோம். எங்கள் முற்றத்தின் கான்கிரீட் தளத்தில் அது செய்கிற வேலைக்கு நிகராக வேறெதையும் நான் பார்த்ததில்லை. அதே வண்டி தோட்டத்துப் பாதையில் ஏறத் தொடங்கியதும், பாதுகாப்பு முழுவதும் ஆபரேட்டரின் பழக்கத்தை நம்பியே நிற்கிறது.

அந்தப் பழக்கம் எத்தகையது என்பதை வண்டி டிப்பரிலிருந்து இறங்கும்போதே கண்டுகொள்ளலாம். சிறு லோடரின் என்ஜின் பின்னால் இருக்கிறது. பக்கெட் காலியாக இருக்கும்போது வண்டியின் மொத்த எடையில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு பின் சக்கரங்களின் மேலும் முப்பது விழுக்காடு முன் சக்கரங்களின் மேலும் நிற்கும். பக்கெட் நிறையப் பாரம் ஏறிவிட்டால் இது அப்படியே தலைகீழாகும். கனமான பக்கம் எப்போதும் மேட்டை நோக்கியே இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து வரும் விதி. அதன்படி காலி வண்டி மேட்டில் ரிவர்ஸில் ஏறி, முன்பக்கமாக இறங்க வேண்டும். பாரத்தோடு இருந்தால் முன்பக்கமாக ஏறி, ரிவர்ஸில் இறங்க வேண்டும். டிப்பரின் சாய்வுப் பலகையும் ஒரு மேடுதான் என்பதால், காலி லோடரை ரிவர்ஸிலேயே ஏற்றி, முன்பக்கமாகவே இறக்க வேண்டும். இந்த நிலையத்தின் ஆபரேட்டர் அப்படித்தான் செய்கிறார். டிப்பர் தளத்தில் கொக்கி மாட்டிப் பூட்டக்கூடிய இரும்புச் சாய்வுப் பலகைகளையும் கூடவே கொண்டுவருகிறார்கள். சாலையோர மண்மேட்டோடு டிப்பரை ஒட்டி நிறுத்தி, இரண்டு மரப்பலகைகளைப் போட்டு வண்டியை இறக்கும் வேறு சிலரையும் இதே சாலையில் பார்த்திருக்கிறேன். நனைந்த பலகை சற்றே நழுவினால் அந்த வண்டி எங்கே போய்ச் சாயும் என்பதை நினைத்துப் பார்க்கவே விருப்பமில்லை.

தோட்டத்துப் பாதையிலும் இந்த விதி தவறாமல் கடைப்பிடிக்கப்படுகிறது. எரு நிரம்பிய பக்கெட்டோடு மேலே போகும்போது முன்பக்கமாக ஏறுகிறார். கொட்டிவிட்டு இறங்கும்போது காலி வண்டியைத் திருப்பி, மறுபடியும் முன்பக்கமாகவே இறங்கி வருகிறார். அந்தத் திருப்பத்தைச் சரிவிலேயே செய்யாமல், பாதை சற்று அகன்று சமமாகும் இடம் வரை சென்று செய்வதுதான் கவனிக்க வேண்டியது. இந்த வண்டிக்கு மற்ற வண்டிகளைப் போல வளையும் சக்கரங்கள் இல்லை. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் வேகமாகவும் மறுபக்கத்தவை மெதுவாகவோ எதிர்த்திசையிலோ சுழல்வதால், டயர் தரையில் வழுக்கித் தேய்ந்துதான் வண்டி திரும்புகிறது. நீளமும் அகலமும் குறைவான இத்தகைய வண்டி சரிவின் குறுக்கே போனாலோ, சரிவில் நின்று திரும்பினாலோ, ஒரு கல்லின் மேல் சக்கரம் ஏறுவதே கவிழ்வதற்குப் போதும். பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயர்த்தாமல் நகர்த்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பாரத்தைப் பற்றிய கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. வாடகைக்கு எடுப்பவர்கள்தான் ‘இன்னும் கொஞ்சம் அள்ளுங்க’ என்று வற்புறுத்துகிறார்கள். தயாரிப்பாளர் அறிவிக்கும் பாரத் திறன், சக்கர வகை லோடர்களில் வண்டியைக் கவிழ்க்கக்கூடிய பாரத்தில் பாதி. சக்கரத்துக்குப் பதிலாகப் பட்டையில் ஓடும் டிராக் வகையில் முப்பத்தைந்து விழுக்காடு. அதுவும் இறுகிய சமதளத்தை வைத்துச் சொல்லப்படும் அளவு. கவிழும் பாரம் 1,400 கிலோ உள்ள சக்கர வண்டி என்றால் திறன் 700 கிலோ. அதன் பக்கெட் 0.4 கன மீட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். மக்கிய உலர் எருவை அதில் நிறைத்தால் இருநூறு கிலோவுக்குச் சற்று மேலேதான் வரும். அதே பக்கெட்டில் மழையில் ஊறிய செம்மண்ணை நிறைத்தால், கன மீட்டருக்கு 1.8 டன் வீதம் 720 கிலோ ஆகி, சமதளத்துக்கான வரம்பையே தாண்டிவிடும். நிரம்பிய பக்கெட்டைக் கண்ணால் பார்த்துப் பாரத்தை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. மண் வாரும் நாளில் இந்த ஆபரேட்டர் பக்கெட்டைப் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்புகிறார். எங்கள் மேஸ்திரி முதலில் இதைச் சோம்பல் என்று நினைத்து முணுமுணுத்தார்.

இருக்கையில் அமர்ந்ததும் மடியின் மேல் இறங்கும் பாதுகாப்புப் பாரைத் தனியே பேச வேண்டும். அந்தப் பார் இறங்கியிருந்தால்தான் வண்டியும் பக்கெட்டைத் தூக்கும் இரும்புக் கைகளும் அசையும். பாரைத் தூக்கிவிட்டால் லீவரை எப்படித் தள்ளினாலும் ஒன்றும் நகரக் கூடாது. வாடகைக்கு எடுப்பவர்கள் இதை வண்டி வந்தவுடனேயே சோதித்துவிட வேண்டும் என்று வலியுறுத்துவேன். சமதளத்தில் பக்கெட்டைத் தரையில் வைத்து, என்ஜின் ஓடும்போது, சுற்றிலும் ஆள் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, ‘பாரைத் தூக்கிட்டு லீவரைத் தொடுங்க’ என்று ஆபரேட்டரிடம் சொன்னால் போதும். இதற்கு முன் வேறோர் இடத்திலிருந்து வந்த வண்டியில், இருக்கைக்கு அடியில் இருக்கும் சுவிட்சை வயரால் இணைத்து, யாரும் உட்காராவிட்டாலும் வண்டி இயங்கும்படி செய்து வைத்திருந்தார்கள். அடிக்கடி இறங்கி ஏற வேண்டியிருப்பதால் அப்படிச் செய்ததாகக் காரணம் சொன்னார்கள். வண்டியை அன்றே திருப்பி அனுப்பிவிட்டோம். இப்போதைய நிலையத்தின் ஆபரேட்டரோ நான் கேட்பதற்கு முன்பே பாரைத் தூக்கி, லீவரை அசைத்து, ‘பாத்துக்கங்க சார்’ என்றார். சங்ககிரிப் பக்கத்துக்காரர்; ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஹெல்பராக இருந்து தொழில் கற்றவராம்.

இந்த அளவுக்கு அந்தப் பாரை வற்புறுத்துவதற்குக் காரணம் வண்டியின் அமைப்பே. வழக்கமான சிறு லோடரில் பக்கெட்டைத் தாண்டி முன்பக்கமாகத்தான் ஏறி இறங்க முடியும்; தூக்கும் கைகள் இரண்டும் ஆபரேட்டரின் தோளுக்கு இருபுறமும் ஒட்டியே மேலும் கீழும் போகின்றன. ஜேசிபி நிறுவனம் ஒற்றைக் கையும் பக்கவாட்டுக் கதவும் கொண்ட வடிவத்தைத் தயாரிக்கிறது என்றாலும், எங்கள் மலையில் வாடகைக்கு வருபவை பெரும்பாலும் பழைய இரட்டைக் கை வண்டிகளே. அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் இந்த வண்டிகளைக் குறித்து 1998இல் எச்சரிக்கை வெளியிட்டது. பக்கெட்டுக்கும் சட்டகத்துக்கும் இடையில், அல்லது தூக்கும் கைக்கும் சட்டகத்துக்கும் இடையில் நசுங்குவதும், வண்டி கவிழ்வதும் உயிரிழப்புகளுக்குக் காரணம் என்று அது எடுத்துக்காட்டியது. உயர்த்திய கைகளுக்கு அடியில் தலையை நீட்டுபவர், அழுத்த எண்ணெய் ஓடும் ஒரு ஹைட்ராலிக் ஹோஸின் உறுதியை நம்பித் தம் உயிரை ஒப்படைக்கிறார். அதற்காகவே, உயர்த்திய கை இறங்காதபடி தடுக்கும் இரும்புத் தாங்கி எல்லா வண்டிகளிலும் கொடுக்கப்படுகிறது.

இந்த நிலையத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை இங்கேதான். தாங்கி வண்டியில் இருக்கிறது, சிவப்பு வண்ணமும் மங்காமல் இருக்கிறது. மங்காததற்குக் காரணம் அதை யாரும் தொடுவதில்லை என்பதே. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஹெல்பர் கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு, உயர்த்திய கைகளுக்கு அடியில் புகுந்து பின்களுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். தாங்கி அதன் இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டில் உட்கார்ந்து லீவரில் இத்தனை கவனம் காட்டும் ஆபரேட்டர், பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தச் சொல்லி, உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, மழுப்பவும் இல்லை. ஆபரேட்டரிடம் கொடுக்கச் சொல்லிப் பேசினார். அடுத்த முறை வந்தபோது தாங்கியை மாட்டிவிட்டுத்தான் கிரீஸ் அடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்ததால் மாட்டினார்களா, பழக்கமாகிவிட்டதா என்பதை இன்னும் சில முறை கவனித்தபின்பே சொல்ல முடியும். எண்ணெய் கசிகிறதா என்று ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கும் வழக்கமும் அந்த ஹெல்பரிடம் இருக்கிறது. ஊசித்துளை வழியே அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்பதால், அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். இதையும் சொல்லியிருக்கிறேன்.

விறகு வேலைக்குப் பக்கெட்டைக் கழற்றிவிட்டு, நீண்ட இரும்பு முட்கள் கொண்ட ஃபோர்க்கை மாட்டுகிறார்கள். மாட்டியபின் இரண்டு பக்கத்து லாக் பின்களும் துளையில் முழுமையாக இறங்கியிருக்கின்றனவா என்று குனிந்து பார்த்து, பிறகு ஃபோர்க்கின் முனையைத் தரையில் அழுத்தி ஒருமுறை சோதித்துப் பார்க்கிறார் ஆபரேட்டர். சில விநாடிகளில் முடியும் இந்தச் சோதனையைத் தவிர்த்தால், தூக்கிய நிலையில் ஃபோர்க் கழன்று விழும் வாய்ப்பு இருக்கிறது. உருண்டைக் கட்டைகளைத் தூக்கும்போது வேறோர் ஆபத்தும் உண்டு. கைகள் உயர உயர ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்தால், கட்டைகள் கைகளின் மேல் உருண்டு ஆபரேட்டரின் மடிக்கே வந்து சேரலாம். எங்களிடம் வரும் வண்டியில் கேபினுக்குமுன் கம்பிவலைக் கதவு இல்லை. ஆகவே கட்டைகளை இடுப்புயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம் என்று பேசிக்கொண்டு, மேல் அடுக்கை ஆட்களைக் கொண்டே கட்டுகிறோம். விறகைப் பொறுத்தவரை இந்தச் சேவையை அரைகுறை என்றுதான் சொல்ல வேண்டும்.

மலையின் குளிரும் உயரமும் வேறு கணக்கைக் கொண்டுவருகின்றன. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். கோத்தகிரியில் அதைவிடச் சற்றுக் கூடுதல். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத பழைய என்ஜின் இங்கே திணறுவது இயல்பே. கீழ்நாட்டிலிருந்து வந்த ஆபரேட்டர்கள் அந்தத் திணறலைப் பொறுக்காமல் ஆக்ஸிலேட்டரை முழுவதும் தள்ளிக்கொண்டு வேகமாக மண்ணில் மோதுவதைப் பார்த்திருக்கிறேன். மார்கழி, தை மாதங்களின் காலை நேரத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் இறுகி, கைகள் முதலில் தயங்கிப் பிறகு திடீரென்று பாயும். என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கைகளைக் காலியாகவே இரண்டொரு முறை ஏற்றி இறக்கியபின் வேலையைத் தொடங்குவதே முறை. இவர்கள் அதைச் செய்கிறார்கள். அந்தச் சூடேற்றும் நேரமும் மீட்டரில் ஓடும், அதற்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம் என்றாலும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. உறைபனி படிந்த காலையில் பக்கெட்டின் விளிம்பில் கால் வைத்து ஏறும் இடத்தைச் சாக்கால் துடைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஏறுகிறார் ஆபரேட்டர்.

எல்லாவற்றையும்விட இந்த நிலையத்தின் மேல் மதிப்பு வந்தது, அவர்கள் ஒரு வேலையை மறுத்தபோதுதான். முற்றத்தின் கீழ் எல்லையில் பழைய கல்கட்டுத் தடுப்புச்சுவர் இருக்கிறது. அதற்குப் பின்னால் சேர்ந்திருந்த மண்ணை லோடரால் தள்ளிச் சமப்படுத்தித் தருமாறு எங்கள் பங்குதாரர் ஒருவர் கேட்டார். ஆபரேட்டர் இறங்கிச் சுவரின் அடிவரை நடந்துபோய், கல்லிடுக்கிலிருந்து நீர் கசிவதைப் பார்த்துவிட்டு, அந்த ஓரத்துக்கு வண்டியைக் கொண்டுபோக முடியாது என்று சொல்லிவிட்டார். கூடுதல் பணம் தருவதாகச் சொல்லியும் அசையவில்லை. மூன்று டன் அளவுள்ள வண்டி, ஊறிய நிரப்பு மண்ணின் விளிம்பில் அதிர்ந்துகொண்டே நிற்பது எத்தகைய செயல் என்பதை நீலகிரியில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி பகுதிகளில் சரிந்த மண்ணை நாங்கள் மறக்கவில்லை. 2024 பிப்ரவரியில், மழையே இல்லாத காலத்தில், லவ்டேலில் தடுப்புச்சுவர் கட்டும் பணியின்போது மேலிருந்த பழைய கட்டடம் சரிந்து பெண் தொழிலாளர்கள் ஆறு பேர் மாண்டனர். அந்த ஓரத்து மண்ணைப் பின்னர் ஆட்களை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி, நீர் வடிய வழி செய்தோம்.

மண்ணைத் தொடும் எந்த வேலைக்கும் முன் அனுமதியைப் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரங்களை இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. கொடைக்கானலிலும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. வண்டி சிறியது, கண்ணில் படாது என்று தைரியம் சொல்லும் வாடகைக்காரர்களும் இருக்கிறார்கள். இந்த நிலையத்தார் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே மண் வேலைக்கு வண்டியை அனுப்பினார்கள்.

சிறு குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ரிவர்ஸ் ஹாரன் வேலை செய்யவில்லை. இருபுறமும் கைகள் மறைப்பதால் ஆபரேட்டருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் இருப்பவை சரியாகத் தெரியாத வண்டியில் இது சிறு குறையா என்றுகூடக் கேட்கலாம். இலை மூட்டை கொண்டுவரும் பெண்கள் முற்றத்தைக் கடந்துதான் எடை போடுமிடத்துக்குப் போக வேண்டியிருப்பதால், லோடர் வேலை செய்யும் நேரத்தில் கயிறு கட்டி, அவர்களை மேல் வாசல் வழியே அனுப்புகிறோம். சீட் பெல்ட் இருக்கிறது, ஆபரேட்டர் போட்டுக்கொள்ளவும் செய்கிறார். ஆனால் அதன் பூட்டு பாதி நேரம் பிடிப்பதில்லை. வண்டி கவிழ்ந்தால் மேலிருக்கும் இரும்புக் கூண்டு காப்பாற்றுவது, அதற்குள்ளேயே இருப்பவரை மட்டும்தான். பின்புறக் கண்ணாடி அவசர வழியாகவும் அமைந்திருக்கிறது. அதன் மேல் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள், அவிழ்க்கச் சொன்னேன். டயர்கள் தேய்ந்துவிட்டன, ஈரப் பாதையில் ஒரே இடத்தில் திரும்பித் திரும்பி, இரண்டு நாளில் பாதையைச் சகதியாக்கிவிட்டுப் போனார்கள்.

இனி மீட்டர். மணிக்கணக்கு வாடகையில், மழை வந்து வேலை நின்றாலும், மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் தெரியாமல் போனாலும், பணம் கொடுப்பவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். அவர் பார்ப்பதை ஆபரேட்டரும் பார்ப்பார். தெரியாத பனியில் ‘மெதுவா ஓட்டிப் பாக்கறேன் சார்’ என்ற பேச்சு அப்படித்தான் வருகிறது. இதைத் தவிர்க்க உரிமையாளரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பனியோ மழையோ வந்து ஆபரேட்டர் வண்டியை நிறுத்தினால், பக்கெட்டைத் தரையில் வைத்து என்ஜினையும் அணைத்துவிட வேண்டும். மீட்டர் தானாக நின்றுவிடும். குறைந்தபட்ச மணிநேரத்தில் மிச்சமிருப்பது மறுநாளுக்குப் போகும், ஆபரேட்டரின் அன்றைய பேட்டா மட்டும் குறையாது. முதலில் தயங்கிய உரிமையாளர் பிறகு ஒப்புக்கொண்டு, பில்லின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார். முற்றத்து வேலைக்கும் எரு வேலைக்கும் இவர்களையே தொடர்ந்து அழைக்க இருக்கிறேன். விறகுக்கு, கம்பிவலைக் கதவு வைத்த வண்டி வந்தபின் அழைப்பேன். ரிவர்ஸ் ஹாரனையும் பெல்ட்டின் பூட்டையும் மாற்றுவதற்குச் சித்திரை வரை தவணை கேட்டிருக்கிறார்கள்.